கிடங்குக்குள் ஒரு கோடு

எங்கள் வீட்டுக் குழந்தைக்கு அங்கன்வாடி இல்லாமல் செய்தது யார் என்று கேட்டால் மூன்றைச் சொல்வேன். முதலாவது, கணினியில் போட்ட ஒரு வட்டம். இரண்டாவது, எங்கள் சந்துக்காரர்களின் பெருந்தன்மை. மூன்றாவது, ஒரு செங்கல் சுவர். அரசு அலுவலகம் என் பட்டியலில் நான்காவதாகத்தான் வரும். அதனிடம் நான் பெரிதாக எதையும் எதிர்பார்த்ததில்லை, அதனால் அதன்மேல் கோபமும் குறைவு.

மலையாள நகரம் ஒன்றில், ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளில் ஒன்றில் அக்காவும் நானும் அக்காவின் மூன்று வயது மகளும் குடியிருந்தோம். கல்ஃபுக்குப் போன அத்தான் போன் செய்வதை நிறுத்தியிருந்தார். அப்பாவும் அம்மாவும் இல்லை. அக்கா பழவங்காடிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். நான் கழக்கூட்டத்தில் ஒரு வரைபட நிறுவனத்தில் வேலை செய்கிறேன். காலையில் ஏழு மணிக்கு பஸ் பிடித்தால் திரும்பி வரும்போது இருட்டிவிடும். இடைப்பட்ட நேரம் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொண்டது எங்கள் சந்தில் இருந்த அங்கன்வாடிதான். அக்கா கடைக்குப் போகும் வழியில் விட்டுவிட்டுப் போவாள். மதியம் மூடியபிறகு அங்கே ஹெல்ப்பராக இருந்த அம்மாள் குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. அக்கா கடை முடிந்து வந்து வாங்கிக்கொள்வாள். அங்கன்வாடி இருந்தால் அக்காவுக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதைவிடச் சிக்கலாக இதில் ஒன்றும் கிடையாது.

குழந்தைகள் குறைந்துவிட்டார்கள், அடுத்த தெருவில் இன்னொரு அங்கன்வாடி பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருப்பதாக டீச்சர்தான் சொன்னார். அவர் மலையாளி. எங்களோடு பேசிப் பேசி அவர் தமிழும் எங்கள் தமிழ்போலவே ஆகியிருந்தது.

"மோளே, நீ மேப்பு போடுற ஆளல்லே? அவங்க கம்ப்யூட்டர்ல வட்டம் போட்டு நோக்கிட்டு, வட்டத்துக்குள்ள ரெண்டு இருந்தா ஒண்ண வெட்டணும்னு சொல்றாங்க. இது சரியா?"

சரியில்லை என்றேன். ஏன் சரியில்லை என்பதை அவருக்குச் சொன்னதுபோலவே இங்கும் சொல்லிவிடுகிறேன்.

கணினிக்கு ஒரு இடம் என்பது ஒரு புள்ளி. புள்ளியைச் சுற்றி வட்டம் போடுவது அதற்கு மிக எளிய வேலை. வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் பக்கம், வெளியே இருப்பதெல்லாம் தூரம். நேராகப் பறக்கும் காக்கைக்கு அது பொருந்தும். மனிதர்கள் நடக்கும் தூரம் வேண்டுமென்றால் தெருக்களை எல்லாம் கோடுகளாகவும் அவை சந்திக்கும் இடங்களை முடிச்சுகளாகவும் வரைய வேண்டும். எந்தக் கோட்டில் யார் போகலாம், எந்தப் பக்கமாகப் போகலாம், நடுவில் தடை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் கொடுக்க வேண்டும். பிறகுதான் இங்கிருந்து அங்கே போக எத்தனை தூரம் என்று கேட்க முடியும். வேலை அதிகம். அதனால் பல அலுவலகங்கள் வட்டத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

எங்கள் சந்து ஒரு முட்டுச்சந்து. அதன் தெற்கு முனையில் ஒரு மிளகாய், மல்லி கிடங்கின் பின்சுவர். அந்தக் கிடங்கின் முன்வாசல் திறப்பது அடுத்த தெருவில். அந்த இன்னொரு அங்கன்வாடியும் அந்தத் தெருவில்தான், கிடங்கிலிருந்து சில கட்டடங்கள் தள்ளி. வட்டத்தில் பார்த்தால் இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டு நிற்கும். தெரு வழியாகப் போக வேண்டுமென்றால் சந்தைவிட்டு வடக்கே வெளியேறி, சரக்கு லாரிகள் நிற்கும் கடைத்தெருவில் நடந்து, உந்துவண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே புகுந்து, சுற்றி வர வேண்டும். நான் வீட்டில் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். நேர்கோட்டைப்போல ஐந்து மடங்கு வந்தது. அதைப் பெரிய தாளில் அச்சிட்டேன். வட்டத்தை நீலத்திலும் நடக்கும் வழியைச் சிவப்பிலும் போட்டேன். லாரிகள் நிற்கும் இடங்களைக் குறித்தேன். சுத்தமான வேலை. இப்போதும் அதில் ஒரு பிழை சொல்ல முடியாது.

ஆனால் சந்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அந்தப் படத்தில் இல்லை. வேண்டுமென்றேதான் நான் அதைச் சேர்க்கவில்லை. கிடங்கின் பின்சுவரில் ஒரு கதவு உண்டு. பகல் முழுவதும் அது திறந்திருக்கும். சந்துக்காரர்கள் அதில் நுழைந்து, மூட்டை அடுக்குகளுக்கு நடுவே நடந்து, முன்வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்குவார்கள். அதற்கென்று ஒரு முறை இருந்தது. நுழையும்போது "வழி, வழி" என்று குரல் கொடுக்க வேண்டும், மூட்டை சுமந்து ஓடுகிறவர்கள் ஒதுங்குவதற்காக. மூட்டைமேல் கை வைக்கக்கூடாது. விளக்கு வைக்கும் நேரமானால் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் பின்கதவு திறந்திருந்தால் லட்சுமி போய்விடுவாள் என்பது கிடங்கு அண்ணாச்சியின் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை கதவு கிடையாது. அண்ணாச்சி வீட்டில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் கிடையாது. யாரும் எங்கும் எழுதி வைக்காத ஏற்பாடு. அது வழி என்று நான் நினைத்ததில்லை. அது அண்ணாச்சியின் தயவு. தயவின்மேல் ஒரு குழந்தையின் தினசரி நடையைக் கட்டமுடியாது என்பதால் படத்தில் விட்டேன்.

சூப்பர்வைசர் மேடம் நேரில் பார்க்க வரும் நாளில் நான் அரை நாள் லீவு எடுத்தேன். டீச்சரின் மேசைமேல் என் தாளை விரித்து வைத்தோம். தாய்மார்கள், தாய்மார்கள் அல்லாதவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று அறை நிறைந்திருந்தது. மேடம் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சிவப்புக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

"அய்யோ, இத்ர தூரமுண்டோ?" என்றார். "சின்னக் குட்டிகள் எங்ஙனே நடக்கும்?"

டீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். அந்த ஒரு கணத்தில் நாங்கள் ஜெயித்திருந்தோம். இதை நான் பிறகு கற்பித்துக்கொள்ளவில்லை. மேடம் பேனாவை எடுத்துத் தன் தாளில் எழுதத் தொடங்கியிருந்தார்.

அப்போதுதான் எதிர்வீட்டு மதினி முன்னால் வந்தார்.

"என்னத்துக்கு மேடம் இவ்வளவு சுத்து? இந்தா பின்னாடி இருக்கு. வாங்க, நான் காட்டித்தாரேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, ஊரு உலகத்துக்கெல்லாம் மேப்பு போடுத, நம்ம வீட்டு வழி உனக்குத் தெரியலயா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். வாய்விட்டு, நல்ல சந்தோஷமான சிரிப்பு.

"கம்ப்யூட்டருக்கு மிளகா நெடி ஆவாது மதினி, அதான் அந்தப் பக்கமே போவல" என்றான் டீக்கடையில் வேலை செய்யும் ஒருவன். அதற்கும் சிரித்தார்கள்.

எங்கள் சந்துக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியிலிருந்து வந்த யாரிடமும் ஒரு இடம் தூரம் என்று சொல்ல மாட்டார்கள். வந்தவரைத் தூரம் நடக்கவிடுவது அவர்களுக்குக் கௌரவக் குறைவு. வழி கேட்டால் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள். வழி சொல்லும்போதும் மீட்டர், தெரு, திசை எதுவும் வராது. இன்னார் கடையில் நுழை, இன்னார் வீட்டுப் பக்கமாக இறங்கு என்று ஆட்களை வைத்தே சொல்வார்கள். அவர்கள் மனதில் இருக்கும் ஊர் தெருக்களால் ஆனதல்ல, தங்களை உள்ளே விடுகிற ஆட்களால் ஆனது. ஊரில் இருந்து பிழைக்க வந்து, பெயர் தெரியாத நகரத்தில் ஒவ்வொரு கதவாகச் சம்பாதித்தவர்களுக்கு அது பெரிய சொத்துத்தான். அரசாங்கத்து ஆள் முன்னால் அதைக் காட்டாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. எதற்காக மேடம் வந்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் காட்டினார்கள். அங்கன்வாடியில் விட மதினிக்குக் குழந்தை கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஊர்வலம்போலக் கிடங்குக்குள் நுழைந்தோம். "வழி, வழி!" என்று மதினி கத்தினார். மேடம் தன் போனில் துறையின் ஆப்பைத் திறந்து, நடக்கும் பாதையைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தியிருந்தார். உள்ளே நுழைந்ததும் அவருக்குத் தும்மல். தும்மி முடிப்பதற்குள் முன்வாசலில் நின்றோம். அண்ணாச்சி எழுந்து வந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, பையனை அனுப்பி டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் மேடத்திடம் மெதுவாகத்தான் சொன்னேன். "மேடம், இது கிடங்கு. பொதுவழி இல்ல. இவங்க நினைச்சா நாளைக்கே அடைச்சிடலாம்."

அண்ணாச்சிக்குக் காதில் விழுந்துவிட்டது. முகம் சுருங்கியது. "யாரு அடைச்சா மக்ளே? என்னிக்காவது உன்னைய போகாதன்னு சொல்லிருக்கேனா? எங்கப்பா காலத்துல இருந்து சனங்க இப்படித்தான் நடக்கு. இது வழிதான் மேடம். எழுதிக்கோங்க."

மேடம் எழுதிக்கொண்டார்.

அக்காவும் தினமும் அந்தக் கதவு வழியாகத்தான் காய்கறிக்குப் போவாள். திரும்பும்போது மதினி அவள் தோளைத் தட்டி, "நீ ஏன்ளா பயப்படுத? அங்கன போனாலும் நாங்க இல்லியா? மதியம் நான் போயிக் கூட்டிட்டு வந்திருவேன், இந்தா இருக்கு" என்றார். வேறு இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். அக்காவின் முகம் தெளிந்தது. அன்றிரவு சாப்பிடும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீ அப்படி அண்ணாச்சி முன்னால சொல்லிருக்கக்கூடாது. பாவம், அவங்க மூஞ்சி செத்துப்போச்சு."

மேடத்தின் ஆப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணினிக்கு இதெல்லாம் புரியாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பொய். நான் வேலை செய்யும் மென்பொருளில் ஒவ்வொரு பாதைக்கும் அனுமதி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பொது என்று போடலாம், தனியார் என்று போடலாம், வாடிக்கையாளருக்கு மட்டும் என்று போடலாம். இன்னொன்றும் போடலாம்: உரிமையாளர் விடும்வரை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாட்டில், அண்ணாச்சி மாதிரி ஒருவரை நினைத்து அந்தக் கடைசி மதிப்பைச் சேர்த்திருக்கிறார். கதவு திறந்திருக்கும் நேரத்தைப் போடவும் தனி இடம் உண்டு. விளக்கு வைத்த பிறகு இல்லை என்பதைக்கூட என்னால் அதில் சொல்ல முடியும். துறைக்கு ஆப் செய்தவர்கள் அதையெல்லாம் வெட்டிவிட்டு இரண்டே பொத்தான் வைத்திருந்தார்கள். வழி உண்டு, வழி இல்லை. மேடம் நடந்தார், ஆகவே உண்டு.

உத்தரவு வந்தது. மலையாளத்தில் அச்சிட்ட தாளை அங்கன்வாடிக் கதவில் ஒட்டினார்கள். இரண்டு அங்கன்வாடிகளும் ஒன்றாக்கப்படுகின்றன. காலங்காலமாகப் பொதுமக்கள் பயன்படுத்துவதாக உரிமையாளரே தெரிவித்த கிடங்கு வழியாகச் சென்றால் தூரம் மிகக் குறைவு என்று நேரில் ஆய்வு செய்து உறுதிப்படுத்தப்பட்டது. டீச்சரையும் ஹெல்ப்பரையும் வேறு வேறு வார்டுகளுக்கு மாற்றினார்கள். ஹெல்ப்பர் அம்மாள் புதிய இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போனார். குழந்தை புதிய இடத்துக்குப் போகத் தொடங்கினாள். மதினி சொன்னபடியே மதியம் போய்க் கூட்டி வந்தார். உள்ளே போகும்போது குழந்தையும் "வழி, வழி" என்று கத்துமாம். அந்தச் சில வாரங்கள் சந்தே என்னைக் கேலி செய்தது. கேலி செய்ய அவர்களுக்கு உரிமை இருந்தது.

கதவில் ஒட்டிய தாளை அண்ணாச்சியின் மகன் போனில் படமெடுத்து, வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஒரு நண்பருக்கு அனுப்பியிருக்கிறார். இந்த ஊரில் வழித்தகராறு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு முழம் வழிக்காக மூன்று தலைமுறை கோர்ட்டு ஏறுகிறார்கள். சொந்த நிலத்தில் பொதுவழி என்று அரசாங்கத் தாளில் ஏறிவிட்டது, அதுவும் உங்கள் அப்பா தன் வாயால் சொன்னதாக, இனி விற்கப் போனால் யார் வாங்குவார்கள் என்று வக்கீல் கேட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார். கதவைக் கழற்றிவிட்டுச் செங்கல் அடுக்கினார்கள். பூசக்கூட இல்லை.

அண்ணாச்சி அன்று சாயங்காலம் சுற்றுவழியாக நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"நான் யாரையும் தடுக்கல மக்ளே," என்றார் அக்காவிடம். "நடந்துட்டுப் போங்கன்னுதான் விட்டேன். இப்படி எழுதிப்புடுவாங்கன்னு யாரு கண்டா? எழுதாம இருந்திருந்தா நான் சாவுற வரைக்கும் அந்தக் கதவு தொறந்துதான் கெடந்திருக்கும்."

"நீங்கதான எழுதிக்கோங்கன்னு சொன்னீங்க" என்றேன்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட பின்ன எப்படிச் சொல்லுவாங்க?"

அக்கா என்னை அதட்டினாள். அவருக்கு மோர் கொடுத்தாள்.

மேடத்துக்குப் போன் செய்தேன். சுவரின் படத்தை அனுப்பினேன், என் பழைய படத்தையும் மறுபடி அனுப்பினேன். அவர் கோபப்படவில்லை. "மோளே, ஞான் நடந்நு நோக்கியதல்லே? டிராக் சிஸ்டத்தில் உண்டு" என்றார். நடந்து பார்த்த வழி இல்லாமல் போக முடியாது என்பதுபோல. வழியை அடைத்தது சிவில் விஷயம், எங்கள் டிபார்ட்மென்ட் அல்ல, வேண்டுமானால் ஊர்க்காரர்கள் சேர்ந்து கிடங்குக்காரர்மேல் கேஸ் போடட்டும் என்றும் சொன்னார்.

சந்தில் அதைச் சொன்னேன். யாரும் முகம் கொடுக்கவில்லை. அண்ணாச்சிமேலா? அவர் சரக்கில்தான் பாதிப் பேருக்கு வேலை. தவிர, அவர் செய்ததில் அவர்களுக்குத் தப்பும் தெரியவில்லை. அவர் கதவு, அவர் அடைத்தார். மதினிக்கு மட்டும் என்மேல் ஒரு கோபம் இருந்தது. "நீ அன்னைக்கு அடைச்சிடலாம்னு வாயால சொன்னதாலதான் அவருக்கு அந்த நெனப்பே வந்துது" என்று தண்ணீர்க் குழாயடியில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்கட்டும் என்றே சொல்லியிருப்பார்.

முதல் வாரம் மதினி சுற்றுவழியாகப் போய்க் குழந்தையைக் கூட்டி வந்தார். பிறகு அவருக்குக் கால் வலி. இன்னொருவருக்கு ரேஷன் கடையில் வேலை. இன்னொருவர் போனார். வரும்போது லாரி பின்னால் நகர்ந்ததில் குழந்தையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி, இருவரும் விழுந்து, குழந்தையின் முழங்கை சிராய்த்துப்போனது. அதற்குப்பிறகு அவரிடம் கேட்க அக்காவுக்கு மனம் வரவில்லை. கடையில் மதியம் அனுமதி கேட்டாள். சில நாள் கொடுத்தார்கள். பிறகு ஃப்ளோர் மேனேஜர் கூப்பிட்டு, ஓணம் நேரம், இப்படித் தினமும் முடியாது, நீயே முடிவு செய்துகொள் என்றார். நான் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டேன். டீம் லீட் என் நிலைமையைப் பொறுமையாகக் கேட்டார். வாரத்தில் இரண்டு நாள் பார்க்கலாம் என்றார். மீதி நாட்களுக்குக் குழந்தையைக் கூட்டிவர ஆள் கிடைக்கவில்லை.

அக்கா வேலையிலிருந்து நின்றுவிட்டாள். இப்போது வீட்டிலிருந்தபடியே மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறாள். அண்ணாச்சி கிடங்கிலிருந்துதான் மூட்டை வருகிறது. அவராகவே மனம் கேட்காமல் கொடுத்த வேலை. அதைச் சந்தில் எல்லோரும் பெரிய மனது என்கிறார்கள். அக்காவும் அப்படித்தான் சொல்கிறாள். கை எரிகிறது என்பதால் இரவில் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது நான். லாரிகளுக்கு நடுவே கூட்டிப்போக அக்காவுக்குப் பயம், அதனால் குழந்தை இப்போது எந்த அங்கன்வாடிக்கும் போவதில்லை.

கடையில் கொடுத்திருந்த யூனிஃபார்ம் சேலைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, ஒரு கவரில் வைத்திருந்தாள். தான் போக மாட்டேன் என்றாள். ஒரு சனிக்கிழமை நான் கொண்டுபோனேன். ஃப்ளோர் மேனேஜர் தமிழர், எங்கள் பக்கத்து ஆள்தான். சேலையின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார். நல்லா வேலை செய்யும், கஸ்டமர்கிட்ட முகம் சுளிக்காது என்று அக்காவைப் பற்றிச் சொன்னார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"புள்ளைய விட எடம் இல்லன்னு சொல்லிச்சே. உங்களுக்கு வீடு எங்க?"

"ஆரியசாலை."

"அங்க அங்கன்வாடி இல்லியா?"

"இருக்கு."

"வீட்டுக்குப் பக்கமா?"

அவருடைய மேசையில் பில் புத்தகமும் பேனாவும் இருந்தன. ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, இது எங்கள் வீடு, இது அங்கன்வாடி, இது நடுவில் இருக்கும் சுவர் என்று வரைந்து காட்டியிருக்கலாம். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"சுவருக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

"அப்புறம் என்னம்மா" என்றார் அவர். சேலைக் கவரைக் கவுன்டருக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்து நின்ற கஸ்டமரைப் பார்த்து, "வாங்க, என்ன காட்டணும்?" என்றார்.